கேஸ் தீர்ந்துவிட்டது என்று இனி யாரும் என் வீட்டில் சொல்ல வேண்டாம்

ஏசிக்குள் இருக்கும் கேஸ், ஓட ஓடத் தீர்ந்துபோவதற்குப் பெட்ரோல் அல்ல. செம்புக் குழாய்களுக்குள் அடைபட்டு, அறைக்குள் ஆவியாகி அங்குள்ள வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வெளியே இருக்கும் பெட்டியில் அழுத்தப்பட்டுத் திரவமாகி அந்த வெப்பத்தைக் கொட்டிவிட்டு, மறுபடியும் அறைக்குள் திரும்பி வருகிற மூடிய சுற்று அது. குழாயில் எங்கும் கசிவு இல்லாதவரை ஆண்டுக்கணக்கில் அதே கேஸ் அதே அளவில் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த எளிய உண்மையைத் தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு காலமும் வீணாய்ப்போன 7,000 ரூபாயும் தேவைப்பட்டன என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில், நெடுஞ்சாலைக்கு அருகில், மேற்கு பார்த்த மேல்தளம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழும் ஊர் இது. கத்திரி தொடங்கும் மே 4-ஆம் தேதிக்கு முன்பே செய்தித்தாளில் நம் ஊர்ப் பெயருக்கு எதிரே 105, 106 என்று பாரன்ஹீட் கணக்கு ஏறத் தொடங்கிவிடும். 78 வயதான அம்மா அந்த அறையில் படுத்திருக்கும்போது ஏசி என்பது ஆடம்பரமும் அல்ல, அந்தஸ்தும் அல்ல. கடைக்காரரும் கம்பெனிக்காரரும் இதை நன்றாக அறிந்திருப்பதால்தான், மே மாதத்தில் தொலைபேசியை எடுக்கும் குரலில் அத்தனை நிதானம் இருக்கிறது.

வீட்டில் இரண்டு ஏசிகள். கூடத்து அறையில் 2020-இல் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர். அம்மா அறையில் 2014-இல் வாங்கிய பழைய ஒன்றரை டன். (டன் என்பது பெட்டியின் எடை என்று நினைத்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவைப்படும் வெப்பத்தின் அளவு அது. ஐஸ் கட்டியை விற்றுக் குளிரூட்டிய காலத்தின் மிச்சம்.)

சென்ற ஆண்டு மே மாதம் இன்வெர்ட்டர் ஏசியில் காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. மூன்று நாள் காத்திருப்புக்குப் பிறகு கம்பெனி சீருடையில் ஒரு பையன் வந்தான். கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டினான், ஒரு நிமிடம் பார்த்தான், "கேஸ் சுத்தமா இல்ல சார்" என்றான். ஏன் இல்லை என்று நான் கேட்டதற்கு, "அஞ்சு வருஷம் ஓடிருச்சு இல்ல சார், கொறையத்தான் செய்யும்" என்று சொன்னான். அவன் சொன்ன உறுதியைக் கேட்டபோது சந்தேகப்படுவதே எனக்குக் குற்றமாகத் தோன்றியது. 2,800 ரூபாய் கொடுத்தேன். ஏசி அருமையாகக் குளிர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் அது மீண்டும் வெறும் மின்விசிறி ஆனது. இந்த முறை வேறு ஒருவர், அதே கேஜ், அதே ஒரு நிமிடம், அதே வாக்கியம். கட்டணம் மட்டும் 3,200 ரூபாய். முந்தைய ஆள் சரியாக நிரப்பவில்லை என்று இலவசமாக ஒரு விளக்கமும் கிடைத்தது.

அந்த இருவரில் ஒருவராவது சோப்பு நுரையைத் தொட்டுக் குழாய் இணைப்புகளில் தடவிப் பார்த்தாரா? இல்லை. குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி அது இறங்குகிறதா என்று பார்த்தாரா? இல்லை. வாக்குவம் பம்பு போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தாரா? பம்பையே கொண்டுவரவில்லை. எவ்வளவு கேஸ் போனது என்று அறியத் தராசு வைத்தாரா? வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று கம்பெனியே அச்சிட்டிருக்கிறது. என் பெட்டியில் ஆர்-32. அது சற்றே தீப்பற்றக்கூடிய வகை என்பதால் அளவும் முறையும் தெரிந்துதான் கையாள வேண்டும். இவர்களோ குழாயைக் கையால் தொட்டுச் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘போதும்’ என்று வால்வை மூடினார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊற்றியதற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு போகும் தொழில் ஏசி மெக்கானிக் வேலையைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஆண்டு ஏப்ரலில் மூன்றாவது முறை. இப்போது ஏசி குளிராததோடு, அதிலுள்ள சிறு விளக்கு விட்டு விட்டு மின்ன, ஏசியே நின்றுபோனது. வந்தவர் 500 ரூபாய் வருகைக் கட்டணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, "போர்டு போயிடுச்சு" என்றார். ஏசியை இயக்கும் மின்னணுப் பலகையைத்தான் அப்படிச் சொன்னார். புதிய போர்டு 11,500 ரூபாய். மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் போர்டு எரிவது எங்கள் பகுதியில் புதிதல்ல. இரவு பத்து மணிக்கு எல்லா வீட்டு ஏசிகளும் ஒன்றாக ஓடும்போது ஸ்டெபிலைசரில் 170 வோல்ட் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அவர் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் போர்டில் எந்தப் பாகம் எரிந்தது என்று காட்டச் சொன்னபோது, "அதெல்லாம் திறந்து பாக்க முடியாது சார், முழு போர்டுதான் மாத்தணும்" என்றார். திறந்து பார்க்காமலேயே அது எரிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

கடைசியில் என் மனைவியின் தம்பி, காட்பாடியிலிருந்து ஒரு வயதான மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவரிடம் சீருடையும் இல்லை, செயலியும் இல்லை. ஒரு பையில் நைட்ரஜன் ரெகுலேட்டர், இன்னொரு பையில் பம்பு. விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, அது எந்தக் கோளாற்றைக் குறிக்கிறது என்று கையேட்டில் பார்த்தார். கேஸ் மிகவும் குறைந்துபோனால், கேஸை அழுத்தும் கம்ப்ரசர் கெட்டுவிடாமல் இருக்கப் போர்டே அதை நிறுத்திவிடும். அதாவது போர்டு செத்துப்போகவில்லை, தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. "கேஸ் எங்க தம்பி போவும்? வழி இருந்தாத்தான் வெளிய போவும்" என்று சொல்லிக்கொண்டே, உள்பெட்டியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி அதன் பின்புறம் நுரையைத் தடவினார். திருகு இணைப்பில் குமிழி ஊதியது. பெட்டியை மாட்டிய நாளில் குழாயின் வாயைச் சரியாக விரிக்காமல் முடுக்கியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, முடுக்கு தளர்ந்த பிறகு வேகமாகக் கசிந்திருக்கிறது. குழாயின் நுனியை வெட்டி, மறுபடி விரித்து, முடுக்கி, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, அரைமணி நேரம் பம்பு ஓட்டி, தராசில் எடை பார்த்துக் கேஸ் நிரப்பினார். எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். முதல் பையனே இதைச் செய்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். மே மாதம் அம்மா அறையின் பழைய ஏசி நின்றது. வெளிப்பெட்டியில் விசிறி சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் மட்டும். காட்பாடிப் பெரியவர் வெளியூரில் இருந்ததால், அறிவு வந்த பிறகும் நான் அதே தவற்றைச் செய்தேன்: சர்வீஸ் சென்டரை அழைத்தேன். வந்தவர் இன்னொரு 500 ரூபாயை வாங்கிக்கொண்டு, கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது, மாற்ற 17,000 ரூபாய் ஆகும் என்றார். அதோடு, இதில் இருப்பது ஆர்-22, ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்டு வரும் கேஸ், ஆகவே பழைய பெட்டியில் பணம் போடாமல் புதிதாக வாங்கிவிடுவதே நல்லது என்றும், பரிமாற்றச் சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது என்றும் சொன்னார். ஆர்-22 பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கும் என் பெட்டியின் முனகலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மேலே சொன்ன பெரியவர் இரண்டு நாள் கழித்து வந்து, மூடியைக் கழற்றி, உப்பிப்போயிருந்த ஒரு கெபாசிட்டரைக் காட்டினார். கம்ப்ரசருக்கும் விசிறிக்கும் கிளம்பும் உந்துதலைக் கொடுப்பது அது. அது செத்தால் இரண்டும் முனகிக்கொண்டு நிற்கும். தோட்டப்பாளையத்தில் ஒரு கடையில் 380 ரூபாய்க்கு நானே வாங்கி வந்தேன். அதை மாட்டிய கூலி 300. 680 ரூபாயில் முடிந்த வேலைக்குப் பதினேழாயிரம் கேட்டவர் இன்றும் ஏதோ ஒரு வீட்டு மொட்டைமாடியில் யாரோ ஒருவரிடம் சலுகை முடியும் தேதியைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவன் சிரித்தான். அங்கே வீட்டுக்கு அடியில் ஃபர்னஸ் என்று ஒன்று எரிவாயுவில் எரிந்து வீடு முழுவதும் சூடான காற்றை அனுப்புகிறது. பூச்சியத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில் அது நின்றுபோகும்போது, வெளியே பனியும் உள்ளே கைக்குழந்தையுமாக இருக்கிறவனிடம் மெக்கானிக் என்ன சொன்னாலும் அவன் தலையாட்டத்தான் வேண்டும். அழுக்கேறிய ஃபில்டராலும், கரி படிந்த தீயுணர்வியாலும், விசிறி மோட்டாரின் கெபாசிட்டராலும் நிற்கிற ஃபர்னஸைப் பார்த்து, வெப்பமாற்றியில் விரிசல் இருக்கிறது, கார்பன் மோனாக்ஸைடு கசியும், முழுவதும் மாற்ற வேண்டும் என்று சில ஆயிரம் டாலருக்கு மதிப்பீடு கொடுத்தார்களாம். விரிசல் உண்மையாகவே இருந்தால் அது உயிரைக் குடிக்கும் என்பதால்தான் அந்தப் பயமுறுத்தல் செல்லுபடியாகிறது. இவன் விரிசலைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறான். படம் வரவில்லை. தீயுணர்வியைத் துடைத்த பிறகு ஃபர்னஸ் எரிந்தது.

இங்கே நான் படம் கேட்டால், "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்கிறார்கள். இல்லை. நம்பிக்கை இருந்தது, அதை 2,800 ரூபாய்க்கும் பிறகு 3,200 ரூபாய்க்கும் விற்றுவிட்டேன்.

மொட்டைமாடியில் தகிக்கும் தகரப் பெட்டியின் அருகே நின்று ஒரு நாளில் எத்தனையோ வீடுகள் ஏறி இறங்கும் பையன்கள்மீது எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. அவர்களுக்கு நுரை தடவிப் பார்க்க நேரம் கொடுக்காமல், மாற்றிய பாகங்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் ஏற்பாட்டின்மீதுதான் கோபம். பில் கேட்டால் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. அதில் ‘சர்வீஸ்’ என்ற ஒற்றைச் சொல். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டால், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பதில். கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும்; கேஸ், கூலி, போக்குவரத்து தனி என்பது பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால், இரண்டு பில்களையும், அதாவது இரண்டு குறுஞ்செய்திகளையும், அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். 1981-இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டதால் நான்காவது இடம் காலியாக இருக்கிறது. கேஸ் இல்லாத ஏசியை அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று என் மனைவி சொல்கிறாள்.

நேற்று அதே சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் அழைத்தார். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஒரு ஏசிக்கு 4,500 ரூபாய், எங்களைப் போன்ற பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றார். கேஸ் அதில் அடங்குமா என்று கேட்டேன். தனி என்றார். போர்டு? தனி. கெபாசிட்டர்? கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, யாரையோ கேட்டுவந்து, அதுவும் தனி என்றார். அப்படியானால் 4,500 ரூபாய்க்கு என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டர் வாஷ் சார். அப்படியே கேஸ் இருக்கான்னு செக் பண்ணித் தருவோம்."