ஐலா விஸ்கியின் புகைமணம் தண்ணீரிலிருந்து வருவதில்லை

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கப்படும் சிங்கிள் மால்ட் விஸ்கிகளின் புகைமணத்துக்கு, அங்குள்ள சதுப்புநிலங்களினூடே ஓடிவரும் பழுப்பு நிறத் தண்ணீரே காரணம் என்று பரவிவரும் தகவல் தவறானது. முளைகட்டிய பார்லியை உலர்த்தும் சூளையில் 'பீட்' எனப்படும் மட்கிய கரிமண்ணை எரிக்கும்போது எழும் புகையிலுள்ள, புகைமணம் தரும் ஃபீனால் சேர்மங்கள், ஈரம் காயாத தானியத்தின் உமியில் படிந்து, வடித்த பிறகும் மதுவில் தங்கிவிடுகின்றன. ஐலாவின் ப்ரூக்லாடி வடிசாலை ஒன்றே இதற்குப் போதிய சான்று: பீட் புகை படாத பார்லியிலிருந்து அதன் பெயரையே தாங்கிய மென்மையான விஸ்கியும், 80 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 80 பங்குக்கு) மேல் ஃபீனால் ஏறிய பார்லியிலிருந்து கடும் புகைமணமுள்ள ஆக்டோமோர் விஸ்கியும் அங்கேதான் பிறக்கின்றன. அதே தீவின் புனஹாவன் வடிசாலையின் பெரும்பாலான விஸ்கிகளிலும் புகைமணம் கிடையாது. புகைமணமுள்ள விஸ்கிகளைப் பற்றிச் சொல்லப்படும் பிபிஎம் எண்ணும், பொதுவாக, உலர்த்திய பார்லியில் அளக்கப்பட்டதே.