நெட் தேர்ச்சி என்றால் உதவித்தொகை அல்ல
"நாலு வருஷ டிகிரி முடித்து நெட் (தேசிய தகுதித் தேர்வு) தேறினால் போதும், எம்.எஸ்சி. வேண்டாம், பிஎச்டியில் மாதம் 37,000 வரும்" என்று ஒருவர் ஒரு பதிவில் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி நான்காண்டு இளங்கலையில் 75% எடுத்தவர்கள் நேரடியாக பிஎச்டியில் சேரலாம்; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5% தளர்வும் உண்டு.

பணம் பற்றிச் சொன்னதுதான் தவறு. 2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வகைக்கு மட்டுமே அந்த 37,000. இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. "பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும்" என்று வந்தால் அது நுழைவுச்சீட்டுதான், அதுவும் ஓராண்டுக்குத்தான் செல்லும். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கான "நெட் அல்லாத உதவித்தொகை" மாதம் 8,000 கிடைக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதையும் நம்பிச் சேராதீர்கள்.

பிஎச்டி குறைந்தது மூன்று ஆண்டு, ஆறு வரை இழுக்கும். பணமில்லாமல் நடுவில் விட்டால் பெரும்பாலும் கையில் இளங்கலை மட்டுமே மிஞ்சும். உதவித்தொகை எழுத்தில் உறுதியாகாதவர்கள் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. படித்துக்கொண்டே ஜேஆர்எஃப் எழுதுங்கள். தயவுசெய்து அந்தப் பதிவை நம்பி எம்.எஸ்சி. இடத்தை விட்டுவிடாதீர்கள்.