உயுனி போகிறவர்கள் உயரத்தை மறக்க வேண்டாம்

தென் அமெரிக்காவில் பொலிவியாவின் உயுனி உப்புவெளிக்கு ஜனவரியில் போகச் சொல்லி உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, அது மழைக்காலம், உப்பின் மேல் தேங்கும் நீரில் வானம் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். ஆனால் தண்ணீர் அதிகம் தேங்கினால், உப்புவெளிக்கு நடுவே கள்ளிகள் நிற்கும் இன்காவாசி தீவுக்குப் பல நாள் வண்டி போகாது.

பினாங்கிலிருந்து நானும் அக்காவும் ஜூலையில் போனோம். வரப்பு கட்டியது போல அறுகோணம் அறுகோணமாக உப்பு, நம் பினாங்கு மாநிலத்தைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு பரப்புக்கு! உயரத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஏறக்குறைய 3,650 மீட்டர். நம் பினாங்கு மலையே 833தான். முதல் நாளே அக்காவுக்குத் தலைவலி, வாந்தி. வழிகாட்டி கோக்கா இலைத் (கொக்கெய்ன் எடுக்கிறார்களே, அந்தச் செடியின் இலை) தேநீர் கொடுத்து இரண்டு நாள் அங்குள்ள ஊரிலேயே ஓய்வெடுக்க வைத்தார். அப்புறம்தான் கிளம்பினோம். அந்த இலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள், மலேசியாவில் அது குற்றம்.

சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் பூசுங்கள். உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கேயும் சுடும்.