கறுப்புத் திரை வெயிலை மறைக்கும், வெப்பத்தை அல்ல

"கேம்பர் வேனின் (படுத்துத் தூங்கிப் பயணிக்க வசதியுள்ள வண்டி) கூரை ஜன்னலுக்கு உள்ளே கறுப்புத் துணி கட்டினால் வெப்பம் உள்ளே வரவே வராது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சம் குறையும், அது சரி. வெப்பம் வரவே வராது என்பதுதான் தவறு.

வெயில் ஜன்னலின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் துணியில் படுகிறது. கறுப்புத் துணி அதில் பெரும்பகுதியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டை வண்டிக்குள்ளேயே விடுகிறது. உச்சிவெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். பக்கத்துக்கு 36 சென்டிமீட்டர் உள்ள சதுர ஜன்னல் என்றாலே நூறு வாட்டுக்கு மேல் வரும். உச்சிவெயில் நேரத்தில் உள்ளே ஒரு பழைய குண்டு பல்பு எரிவது போல. இரண்டு மூன்று ஜன்னல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெயிலை வெளியிலேயே தடுப்பதுதான் நல்ல வழி. வெள்ளை அல்லது வெள்ளி நிற உறையை ஜன்னலுக்கு மேல், வெளிப்பக்கமாகப் போடுங்கள். புறப்படும் முன் மறக்காமல் கழற்றிவிடுங்கள், காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்.

கூரையில் ஏற முடியாதவர்கள் வெள்ளி நிற உறையை உள்ளேயே போடலாம். ஆனால் பளபளப்பான பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கட்டும். ஒரு பகுதி வெயிலாவது வந்த வழியே திரும்பிப் போகும்.

அப்புறம், நிழலில் நிறுத்த இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.