ஞாபகத்தைப் பற்றிய பாடத்துக்கு எதற்கு டிக்டேஷன்?

உளவியல் முதலாண்டு வகுப்பில் நினைவாற்றல் யூனிட்டை நோட்ஸ் சொல்லி எழுதவைத்தே முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. வேதியியலுக்கு அமிலம் வேண்டும், குடுவை வேண்டும். நமக்கு என்ன வேண்டும்? எதைப் பற்றிப் பாடமோ, அது எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது தலைகளுக்குள்ளேயே இருக்கிறது.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு, ஒரு பட்டியலை நிதானமாக வாசிப்பேன். கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, கொட்டாவி, கனவு, குறட்டை, இரவு, களைப்பு, தாலாட்டு, பாய், ஓய்வு. கொஞ்ச நேரம் வேறு பேச்சு. பிறகு, நினைவிருப்பதையெல்லாம் எழுதுங்கள் என்பேன். "தூக்கம்னு எழுதினவங்க கை தூக்குங்க." வரிசை வரிசையாகக் கைகள் எழும். அந்தச் சொல்லை நான் சொல்லவேயில்லை என்றால் ஒருத்தரும் ஒப்புக்கொள்வதில்லை. "இல்ல மேம், நீங்க சொன்னீங்க, என் காதுல விழுந்துச்சு" என்று சண்டைக்கே வருவார்கள். அதற்காகவே கடைசி பெஞ்சில் ஒருத்தரை போனில் ரெக்கார்ட் பண்ணச் சொல்லியிருப்பேன். போட்டுக் காட்டினால்தான் அடங்குவார்கள்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. உளவியலாளர் ஜேம்ஸ் டீஸ் 1959-இல் தொடங்கிவைத்தது; ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995-இல் தூசி தட்டி எடுத்தார்கள். அவர்களுடைய முதல் சோதனையிலேயே, பட்டியலில் இல்லாத அந்தச் சொல்லைச் சராசரியாக 40 சதவீதம் தடவை மாணவர்கள் 'நினைவுகூர்ந்தார்கள்'. நினைவு என்பது பதிவுநாடா அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அது இப்படி உறைத்திருக்காது.

ஆனால் ஒன்று. ஆக்டிவ் லேர்னிங், அதாவது மாணவர்களே செய்து கற்பது, என்றதும் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குழு நடனம் வரைக்கும் போய்விடுகிறார்கள் சிலர். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும் வாரத்தில் இது இன்னும் முற்றும். கை வேலை செய்தால் மூளையும் வேலை செய்கிறது என்று யார் சொன்னது? ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு இயற்பியல் வகுப்பில் சோதித்து 2004-இல் எழுதியது: செய்துகாட்டுவதைச் சும்மா வேடிக்கை பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லவைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. ஆகவே, பதிலுக்கு முன்னால் மாணவர் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். தப்பாகச் சாய்ந்தால் இன்னும் நல்லது.

"போர்ஷன் எப்படி முடிப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஐந்து யூனிட் இருக்கிறது. ஆனால் போர்ஷனை முடிப்பது நாம், மாணவர் அல்ல. ரோடிகர், கார்ப்பிக் 2006-இல் செய்ததைப் பாருங்கள். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள், பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்களை ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. இதே ஆய்வை 'ரிட்ரீவல் பிராக்டிஸ்' (நினைவிலிருந்து எடுத்துப் பழகுவது) என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணவைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தாங்காது.

மாணவர்களும் லேசில் விடமாட்டார்கள். "மேம், நோட்ஸ் மட்டும் குடுத்துடுங்க." அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளிலேயே, தாங்களே முட்டிமோதிக் கற்றவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள்; ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் உணர்ந்தார்கள். சரளமான சொற்பொழிவு கேட்டால் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். இந்த ஆய்வை முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். முணுமுணுப்பு கொஞ்சம் குறைகிறது.

எல்லாவற்றையும் வகுப்பில் செய்துபார்க்கவும் கூடாது. மேலே இருப்பவர் சொன்னால் அடுத்தவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராம் சோதனை மாதிரி நடித்துக்காட்டுகிறேன் என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடுவது பாடம் இல்லை, வம்பு.

நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது 2007 வாக்கில். அட்டைகளோடு தரையில் உட்கார்ந்து படித்த குழந்தைகள்தான் கல்லூரிக்கு வந்து "கமா, அடுத்த வரி" என்று எழுதினார்கள்.

கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "மறதிக் கோட்பாடுகளை விளக்குக" என்று இன்னும் எத்தனை வருஷம்? இப்படிக் கேளுங்கள்: விபத்தைப் பார்த்த இருவர் காவல் நிலையத்தில் காத்திருக்கும்போது பேசிக்கொள்கிறார்கள். பிறகு தனித்தனியே விசாரித்தாலும் இருவரும் ஒரே தவறான வண்டி நிறத்தைச் சொல்கிறார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. எப்படி? பத்து மதிப்பெண்.