ஆர்க்குகளுக்கு யார் சோறு போடுகிறார்கள்?

சனிக்கிழமை இரவுகளில் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை விளையாட்டை ஆடுவோம். சாப்பாட்டு மேசை, ஆறு பேர், பகடைகள், ஒரு வரைபடம். கதையை நடத்துவது நான். போன வாரம், மலைக்கணவாய் ஒன்றில் 200 ஆர்க்குகள், அதாவது மனிதர் போலிருக்கும் முரட்டு அரக்கர்கள், முகாமிட்டிருப்பதாகச் சொன்னேன். புல்கூட முளைக்காத பாறை நிலம் என்று வர்ணனை வேறு. எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார், பல வருடமாகக் கோயில் அன்னதானச் சமையலில் தொண்டு செய்பவர். வாளை உருவாமல் கேட்டார்: "தம்பி, 200 பேருக்கு ஒரு வேளைக்கே 25 கிலோ அரிசி வேணும். அந்தப் பாறையில இவங்களுக்கு யாரு சமைக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆர்க்குகள் இறைச்சிதான் தின்கின்றன, ஆளுக்கு நாளுக்கு 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 கிலோ. ஒரு பெரிய கடமானில் 100 கிலோ கறி தேறும் என்றால் தினம் 4 மான், வருடத்துக்கு 1,460. ஆனால் காட்டில் இருப்பதையெல்லாம் அடித்துத் தின்றுவிட முடியாது. புலிகளை ஆராய்ந்த உல்லாஸ் கரந்த் இதற்கு ஒரு கணக்கு சொல்வார். ஒரு புலி வருடத்துக்குச் சுமார் 50 மான் அளவு விலங்குகளைத் தின்னும். இரைக்கூட்டம் குறையாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கலாம். அதனால் ஒரு புலி வாழ 500 விலங்குகள் வேண்டும். அதே விகிதத்தில் என் ஆர்க்குகளுக்கு 14,600 கடமான்கள் தேவை. சதுர கிலோமீட்டருக்குப் பத்து என்று தாராளமாக வைத்தாலும் 1,460 சதுர கிலோமீட்டர் காடு. சிங்கப்பூரைப் போல இரண்டு மடங்கு! நான் கொடுத்திருந்ததோ ஒரு மொட்டைப் பாறை.

இந்தத் தவறு என்னுடையது மட்டும் இல்லை. 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற, இந்த ஆட்டத்தின் மிருகங்களைப் பட்டியலிடும் புத்தகம் ஓர் ஆர்க் கூட்டத்துக்கு 30 முதல் 300 வரை என்று எண்ணிக்கை கொடுத்தது. அதே புத்தகம் அவர்களுக்குப் பெண்களும் குழந்தைகளும் உண்டு என்றும் எழுதியிருந்தது, அவர்களுக்கும் சோறு வேண்டுமே. 1989இல் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒவ்வொரு மிருகத்துக்கும் என்ன உணவு, எந்த நிலம், சூழலில் அதற்கு என்ன இடம் என்று தனித்தனியாகவே போட்டார்கள். பிற்காலப் பதிப்புகளில் உணவு, சூழல் என்ற தலைப்புகள் காணாமல் போயின. ஆட்டத்தின் உயிரே அந்தப் பத்திகளில்தான் இருந்தது என்பது என் கருத்து.

"மாய உலகம்தானே, மந்திரத்தில் சோறு வரட்டும்" என்றார் குழுவில் ஒருவர். சரி, வரட்டும். ஐந்தாம் பதிப்பு விதிப்படி உணவையும் நீரையும் உண்டாக்கும் மந்திரம் ஒருமுறை சொன்னால் 15 பேருக்கு ஒரு நாள் தாங்கும். 200 பேருக்குத் தினமும் 14 முறை சொல்ல வேண்டும். அப்படியானால் அந்த முகாமில் பூசாரிகள் ஒரு கூட்டமே இருக்க வேண்டும், படைத்தலைவனைவிட அவர்கள்தான் முக்கியம். மந்திரத்தைக் கணக்கில் சேர்த்தாலே இப்படி ஒரு நல்ல கதை கிடைக்கிறது. கணக்கே வேண்டாம் என்று ஒதுக்கும்போதுதான் எதுவும் கிடைப்பதில்லை.

அடுத்தது, கொன்றால் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு. நம் ஊர்ப் புலிகளையே பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைப் புலிகள் கொன்றன. அரசு சன்மானம் அறிவித்தது, வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். இருந்தும் புலிகள் வந்துகொண்டே இருந்தன. அக்கரையில் ஜோகூர்க் காட்டிலிருந்து நீரிணையை நீந்திக் கடந்து வந்தன. இங்கே ஒன்று செத்தால் அதன் இடம் காலியாகும், அங்கே இடம் கிடைக்காத இளம்புலி அதைப் பிடிக்கும். காட்டில் சுடப்பட்ட கடைசிப் புலி 1930இல் சுவா சூ காங்கில் என்பார்கள். அதற்குள் தீவின் காடுகளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. கிராமத் தலைவர் "ஆர்க் காதுக்கு இத்தனை பொற்காசு" என்று அறிவிக்கும் ஒவ்வொரு கதையிலும் இந்த நீரிணை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

டன்ஜன் எனும் பாதாள அறைகள் எனக்கு இன்னும் பெரிய வருத்தம். பூட்டிய கதவுக்குப் பின்னால் நூறு வருடமாக ஓகர் என்ற ஒரு பெரிய பூதம், பக்கத்து அறையில் இராட்சதச் சிலந்தி. எதைத் தின்று உயிரோடு இருக்கின்றன? மலேசியாவின் பத்துமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், முருகன் சந்நிதிக்கு ஏறும் 272 படிகளின் பக்கத்தில் இருட்டுக் குகை இருக்கிறது. உள்ளே வெளிச்சமே கிடையாது, செடி முளைக்காது. வௌவால்கள் இரவில் வெளியே போய்த் தின்றுவிட்டு வந்து எச்சமிடுகின்றன. அதைக் கரப்பான்கள் தின்கின்றன, கரப்பானைச் சிலந்தியும் பூரானும் தின்கின்றன, வௌவாலையே பிடிக்கும் பாம்பும் உண்டு. வௌவால் வெளியே போவது நின்றால் குகை முழுவதும் பட்டினி. ஒரு டன்ஜனை வடிவமைப்பவர் முதலில் வரைய வேண்டியது அந்த வௌவால் போகும் வழியை.

டிராகன் மட்டும் தப்பித்துக்கொள்ளும். கொமோடோ உடும்பு வருடத்துக்குப் பன்னிரண்டு பெரிய வேளை உணவிலேயே வாழ முடியும், உடம்புச் சூட்டுக்கென்று தீனியைச் செலவழிக்காத ஊர்வன என்பதால். தங்கக் குவியல் மேல் படுத்துத் தூங்கும் டிராகனை அதனால் நம்ப முடிகிறது. ஆனால் ஒற்றை டிராகன் ஒரு சந்ததி ஆகாது. அமெரிக்காவின் ஐல் ராயல் சிங்கப்பூரைவிடச் சிறிய தீவு. ஒருகாலத்தில் அங்கே ஓநாய்கள் சுமார் 50 இருந்தன. நோயாலும் உள்ளுக்குள்ளேயே இணைந்ததாலும் நலிந்து, 2016இல் இரண்டே மிச்சம், அவையும் தகப்பனும் மகளும். வெளியிலிருந்து புதிய ஓநாய்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே கூட்டம் மீண்டது. டிராகன் ஒன்று இருந்தால், எங்கோ அதற்கு இணை தேடும் வேறு டிராகன்களும் இருக்க வேண்டும்.

இவ்வளவு யோசித்த பிறகு அந்த 200 ஆர்க்குகளை என்னால் வெறும் எதிரிகளாக வைக்க முடியவில்லை. கணவாய்க்கு அப்பால் அவர்களுடைய காட்டை மனித ராஜ்ஜியம் வெட்டிப் பயிர் வைத்தது, மான்கள் போயின, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், பாறையில் நாலு நாள்தான் தங்கியிருக்கிறார்கள் என்று மாற்றி எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கிராமத்தை அவர்கள் கொள்ளையடித்தது தானியத்துக்காக.

குழுவிடம் இதைச் சொன்னேன். வரும் சனிக்கிழமை சண்டையா பேச்சா என்று இன்னும் முடிவாகவில்லை. அக்கா மட்டும் இப்போதே கேட்டுவிட்டார், அந்தக் கிராமத்துக் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று.