குடும்பமாம், குடும்பம்!

இந்த அகப்பக்கம் செய்து தரும் நிறுவனங்களின் 'எங்களைப் பற்றி' பகுதியைப் படித்தால் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். நேர்மை, வெளிப்படைத்தன்மை, வாடிக்கையாளர் எங்கள் குடும்பம்! முன்பணம் போய்ச் சேரும்வரைதான் அந்தக் குடும்பம். அப்புறம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நீல டிக் விழும், பதில் விழாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலை கட்டி விற்கும் என் கடையின் அகப்பக்கத்துக்கு, கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படம் எதற்கு? தொடர்பு முகவரியில் இன்னும் நியூயார்க். கேட்டால் 'டெம்ப்ளேட்டிலேயே வந்ததுண்ணே' என்கிறார் அந்த நிறுவனத்துத் தம்பி. டாட் காம் டாட் மை முகவரி வாங்கியது என் கடையின் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவை வைத்துத்தான், ஆனால் கடவுச்சொல் வேண்டுமென்றால் தனியாக 300 வெள்ளியாம். என் கடைப் பெயருக்கு நானே வாடகை கட்டணுமா? தீபாவளிக்குள் முடித்துத் தருகிறோம் என்றார்கள், எந்த வருடத் தீபாவளி என்று மட்டும் சொல்லவே இல்லை.